பங்காருபாளையத்தில் பஸ் வரும் இடங்கள்: ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வு நோக்கம்

சித்தூரிலிருந்து பலமநேரி போகும் நெடுஞ்சாலையில் உள்ள பங்காருபாளையத்தில், மெல்லிசைக் குழு ஒன்றின் நான்கு கம்பி பேஸ் கிட்டாரிலிருந்து எழுந்த ‘ஜிர்ர்’ என்னும் ஒலியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் இதுவே முதல் ஆய்வு. தமிழில் எழுதப்படும் எல்லா ஆய்வுகளும் முதல் ஆய்வுகளே என்பதால், மரபு கருதி இங்கும் அவ்வாறே சொல்லப்படுகிறது.

ஆய்வு எல்லை

கம்பி புறப்படும் நட் முதல் போய்ச் சேரும் பிரிட்ஜ் வரை, 34 அங்குலம். அதற்கு அப்பால் நடப்பவற்றுக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

கருதுகோள்கள்

ஒன்று: கிட்டார் சரியில்லை. இரண்டு: வாசிப்பவர் சரியில்லை. ஆய்வாளரே வாசிப்பவர் என்பதால் இரண்டாவது கருதுகோள் கைவிடப்பட்டது.

சொல்லாராய்ச்சி

கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளில் இசைக்கம்பி உரசி எழும் இவ்வொலியைக் கச்சேரிக்காரர்கள் ‘பஸ்’ என்பர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒத்திகையின் நடுவே நான், “அண்ணா, பஸ் வருது” என்றேன். கீபோர்டு அண்ணன் பெட்டியை மூடினார். டிரம்ஸ் தம்பி செருப்பைத் தேடினான். பாடகி மட்டும், “சித்தூர் பஸ்ஸா, பலமநேரி பஸ்ஸா?” என்று கேட்டார். ஆய்வு மனப்பான்மை என்பது இதுவே.

அறிஞர்கள் இவ்விடத்தில் மூன்று அணியாகப் பிரிகின்றனர். ஊர்திக் கொள்கையினர், பஸ் என்றால் வண்டியே என்பர் (டீக்கடை, வாய்மொழி). ஒலிக் கொள்கையினர், அது வண்டு போடும் சத்தத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்பர் (டீக்கடை, மேலது). சமரசக் கொள்கையினர், ஜன்னல் கண்ணாடி தளர்ந்த டவுன் பஸ்ஸில் ஏறினால் இரண்டும் ஒன்றே என்பது விளங்கும் என்பர் (டீக்கடை, இரண்டாம் பதிப்பு, சர்க்கரை குறைத்தது, ப. 2 வடை).

வண்டியைக் குறிக்கும் பஸ், ‘ஆம்னிபஸ்’ என்னும் லத்தீன் சொல்லின் வால். தலையை இழந்த பின்னும் ஓடுகிறது. ‘எல்லோருக்கும்’ என்பது அதன் பொருள். கிட்டாரில் வரும் பஸ்ஸும் எல்லோருக்கும் உரியதே. கேட்க விரும்பாதவருக்கும் அது கேட்கும். மேலும், இரண்டும் நாம் காத்திருக்கும்போது வருவதில்லை. கிட்டாரை ரிப்பேர்க்காரர் முன் வைத்து வாசித்தால், அரைமணி நேரம் ஒரு பஸ்கூட வராது. வீட்டுக்குத் திரும்பியதும் வரிசையாக நான்கு வரும் (டீக்கடை, மூன்றாம் திருத்திய பதிப்பு, பெஞ்சின் இடது ஓரம், பதிப்பாசிரியர் எழுந்து போனபின் அவரிடத்தில் அமர்ந்தவரின் பின்னிணைப்பு, அதற்கு எதிர் பெஞ்சின் மறுப்பு, அம்மறுப்பின் மீது விழுந்த தும்மல்).

பஸ் வகைகள்

முன்னோர் இதனை வகைப்படுத்தாது விட்டமையால், நாமே வகுக்கிறோம்.

1. டெப்போ பஸ். எந்த மெட்டிலும் விரல் வைக்காமல் திறந்த கம்பியை மீட்டும்போது மட்டும் வரும். ஒரு மெட்டை அழுத்தினால் போய்விடும். நட்டில் உள்ள பள்ளம் தேய்ந்து ஆழமாகிவிட்டது என்று பொருள். புது நட் போடலாம். அவசரத்துக்கு, பள்ளத்தில் சிட்டிகை ஆப்பச் சோடா வைத்து ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாய் இறுகும். பிறகு மெல்லிய அரத்தால் பள்ளத்தை அளவாக மறுபடி அறுத்துக்கொள்ளலாம். சமையலறைக்கும் சங்கீதத்துக்கும் உள்ள தொடர்பு தனி நூலாக எழுதத்தக்கது.

2. டவுன் பஸ். முதல் ஐந்து மெட்டுகளிலும் நின்று நின்று வரும். கழுத்து மிக நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருப்பதால் வருவது. இதுவே நம் ஆய்வுப் பொருள், பின்னர் விரியும்.

3. மலைப்பாதை பஸ். 12-ஆம் மெட்டுக்கு மேலே ஏறினால் மட்டும் வரும். பிரிட்ஜில் கம்பி தாங்கும் சேடில் இறங்கிவிட்டது. சேடில் திருகைத் திருப்பிக் கம்பியைச் சற்றே உயர்த்துக. 12-ஆம் மெட்டுக்கு மேல் தடித்த கம்பிக்கு சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும்.

4. கைகாட்டினால் நிற்கும் பஸ். ஒரே ஒரு மெட்டில் மட்டும் வரும். குற்றவாளி அந்த மெட்டல்ல. அதற்கு அடுத்து, பிரிட்ஜ் பக்கம் தலைதூக்கி நிற்கும் மெட்டு. ஏடிஎம் கார்டின் விளிம்பை மூன்று மெட்டுகள் மேல் நிறுத்திப் பார்த்தால், நடு மெட்டு உயர்ந்திருக்கும் இடத்தில் கார்டு ஆடும். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பதால், சூடாக்கி அமுக்கிவிடலாம். கிட்டாரில் அரம் பிடிக்க வேண்டியதுதான்.

5. எலக்ட்ரிக் பஸ். கம்பியைத் தொடாதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று வரும். இது கம்பியின் பிழையன்று. எர்த்திங்கையும் கேபிளையும் பார்க்க வேண்டும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. தடித்த ஈ கம்பியின் மூன்றாம் மெட்டிலுள்ள ஜி ஸ்வரம் விநாடிக்கு 49 அதிர்வு. ஆக, கரண்டுக்கும் ஸ்வர ஞானம் உண்டு; சுருதிதான் கொஞ்சம் ஏறிவிடுகிறது.

6. வெளியூர் பஸ். எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

ஒப்பியல் ஆய்வு

1921-இல் கல்கத்தாவில் சி. வி. ராமன், தம்புராவையும் வீணையையும் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அங்கே அசையாமல் இருக்கவேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. தம்புரா அந்த விதியைச் சட்டை செய்யவில்லை என்று காட்டினார் ராமன். தம்புராவின் பிரிட்ஜான குதிரை அகன்று, லேசாக வளைந்தது. கம்பி அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அந்த உரசல் சரியாக விழவேண்டும் என்றே கம்பிக்கு அடியில் ஒரு நூலிழை செருகி, அதற்கு ‘ஜீவா’ என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

அதே 1921-இல் அமெரிக்காவில், கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ, கழுத்துக்குள் திருகி முடுக்கக்கூடிய இரும்புத் தண்டு ஒன்றை வைக்கக் காப்புரிமை கோரினார், 1923-இல் பெற்றார். ட்ரஸ் ராட் என இன்று நாம் அறிவது அதன் வழிவந்ததே. இங்கே உரசலுக்காக ஜீவா செருகிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அங்கே உரசலைத் தீர்க்கும் தண்டுக்கு மனு போட்டிருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்பார் உளர். தற்செயல் என்று ஒப்புக்கொண்டவர் எவருக்கும் முனைவர் பட்டம் கிடைத்ததில்லை.

ஒப்பீட்டைச் செய்முறையில் நிறுவும் பொருட்டு, ஆய்வாளர் தம் பேஸ் கிட்டாரின் பிரிட்ஜில் ஜீவா செருகிப் பார்த்தார். குழுத்தலைவர் அதைப் பிடுங்கி எறிந்தார். தரவு இழப்பு.

கள ஆய்வு

நூலகங்கள் கைவிட்ட நிலையில், தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய லாரிகள் நிற்கும் ஒரு பட்டறைக்குக் கிட்டாருடன் சென்றேன். ஆலன் கீ அங்கேதான் கிடைக்கும் என்பது காரணம். மெக்கானிக் அண்ணன் என் ஆய்வுச் சுருக்கத்தைக் கேட்கவில்லை. கிட்டாரை வாங்கி, சேசிஸ் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பார்த்தார்.

“பின்னால போயிருக்குண்ணா. வெயில்.”

வெயிலில் மரம் காய்ந்தால் கழுத்து பொதுவாகப் பின்வாங்கும். மழை ஈரத்தில் முன்னே வளையும். முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நடுவே, ஏழு, எட்டாம் மெட்டுப் பக்கம், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீட்டர் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல், இடைவெளி வேண்டும். காற்றுகூட நுழையவில்லை. ஆலன் கீயைச் செருகி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் கால் சுற்று தளர்த்தினார். கம்பியின் இழுப்பில் கழுத்து சற்றே முன்னே வந்தது. சுருதி சேர்த்துக் கையில் கொடுத்தார்.

ஆதாரம் கேட்டேன். “வாசிச்சுப் பாருங்கண்ணா” என்றார். ஏற்கத்தக்க மேற்கோள் முறை அன்று. ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எதுவும் இல்லை. வாசித்தேன். ஐந்து மெட்டுகளிலும் பஸ் வரவில்லை. முந்நூறு பக்கத்துக்குத் திட்டமிட்ட ஆய்வு, ஒரு மாங்காய் லோடு கிளம்பும் முன் முடிந்துபோனதில் ஆய்வாளருக்கு வருத்தமே.

முடிவுரை

வாசகருக்குச் சொல்லத்தக்கவை இவை. முதலில் சுருதி சேர்த்துவிட்டு, பிறகு பஸ் எந்த மெட்டில் வருகிறது என்று பாருங்கள். இடம் தெரிந்தால் காரணம் தெரியும். ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஒருநாள் பொறுத்து மறுபடி பாருங்கள். திருகு முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். உடைந்தால் கழுத்தே போகும். கையில் வைத்து வாசிக்கையில் கேட்டு, ஆம்ப்ளிஃபயரில் கேட்காத பஸ்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். கூட்டத்தில் யாருக்கும் அது கேட்கப்போவதில்லை.

அத்தனையும் செய்த பிறகும் மறுநாள் ஒத்திகையில் ஜிர்ர் என்றது. இரண்டாம் பதிப்பு டீ வந்த எவர்சில்வர் டம்ளர், ஆம்ப்ளிஃபயர் மேலேயே இருந்தது. எடுத்தேன், நின்றது.