வக்கீல் எதற்கு?

கேள்வி: கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவனை இயந்திரமே காட்டிக்கொடுத்துவிடுகிறதே, அவனுக்கு வக்கீல் எதற்கு?

பதில்: இயந்திரம் காட்டிக்கொடுப்பது இன்னொரு இயந்திரத்தைத்தான், விசைகளைத் தட்டிய விரல் எவருடையது, அதை ஏவிய நோக்கம் யாது என்பதை மனிதர்தாம் விசாரித்தாக வேண்டும். பறக்கும் தட்டுகளின் இரகசியத்தைத் தேடி, அமெரிக்க ராணுவம், நாஸா ஆகியவற்றின் 97 கணினிகளில் புகுந்ததாக 2002இல் குற்றஞ்சாட்டப்பட்ட லண்டன்வாசி காரி மெக்கின்னன், தாம் நுழைந்ததை மறுக்கவே இல்லை. பல கணினிகளில் கடவுச்சொல்லே கிடையாது என்றும் சொன்னார்! ஆயினும், அவருடைய தாயாரும் வழக்கறிஞர்களும் பத்தாண்டுக் காலம் சளைக்காமல் போராடியதன் பயனாக, அமெரிக்காவிடம் ஒப்படைத்தால் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்ற வைத்திய அபிப்பிராயத்தை ஏற்று, பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் தெரஸா மே 2012 அக்டோபரில் அந்த ஒப்படைப்பைத் தடுத்தார். டிசம்பரில், பிரிட்டனிலும் வழக்கில்லை என்றாயிற்று.