கிளிப்பச்சைப் பனியன்

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருமுனைப் பூங்காவுக்குள் இருபது கிளிப்பச்சைப் பனியன்கள் மூச்சிரைக்க நுழையும். ஐந்து மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் கிளம்பி, பத்து கிலோமீட்டர் சுற்றிவிட்டு, கடைசியில் இங்கே வந்து காய்கறிப் பாத்தியில் களை பறிப்பது அவர்கள் வழக்கம். பின்தங்கியவர்களுக்காகக் காத்திருக்கும்போதுகூடச் சும்மா நிற்க மாட்டார்கள். நின்ற இடத்திலேயே குதிப்பார்கள்.

அவர்களில் நம்மவர் எப்போதும் முதல் ஆளாக வருவார். மென்பொருள் உத்தியோகம், 42 வயது. மாரத்தானும் 42 கிலோமீட்டர் என்பதால் இந்த வருடம் ஓடவேண்டும் என்று தன் ஜாதகத்திலேயே எழுதியிருப்பதாக நம்புகிறவர்.

“ஓடுறது போதாதா சார், தோட்ட வேலை வேற எதுக்கு?” என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். என் காலை நடை அதோடு சரி. ஸ்வீடனில் எரிக் அல்ஸ்ட்ராம் என்பவர் 2016-இல் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் ‘பிளாக்கிங்’கைத் தொடங்கிய கதை வந்தது. அடுத்து லண்டன். அங்கே ஐவோ கோர்ம்லி தொடங்கிய ‘குட்ஜிம்’காரர்கள் ஓடிப்போய் ஊர்த் தோட்டத்தில் மண் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடிவருவார்களாம். “ஜிம்முல வீணாப்போற வியர்வைய ஊருக்குக் குடுக்கணும் சார்” என்று முடித்தார். எல்லாம் உண்மைதான், நல்ல யோசனையும்கூட. ஆனால் இத்தனை தெரிந்தவருக்குக் கத்தரி நாற்று எது, சுண்டைச் செடி எது என்று தெரியாது.

அது தெரிந்தவர் தோட்டத்துப் பாட்டி. செய்யாறு பக்கம். முதல் நாள் நம்மவர் முதுகில் தண்ணீர்ப் பையும், அதிலிருந்து தோள்வழியே தொங்கும் குழாயுமாக வந்து நின்றதைப் பார்த்து, “மருந்தடிக்க வந்தியா தம்பி? கத்தரிக்கு வேணாம், வெண்டைக்கு மட்டும் அடி” என்றார். நம்மவர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டியதும் பாட்டி பதறிப்போனார்.

அடுத்து களை பறிப்பு. இரண்டு மணி நேரம் விடாமல் ஓடுகிற கால்களுக்குக் குந்தி உட்கார வரவில்லை. ஐந்தாவது நிமிடம் ஆடுசதை இழுத்துப் பிடித்தது. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. பாட்டியோ காலையிலிருந்து அதே குந்தலில் இருந்தார். “ஓடத் தெரிஞ்ச காலுக்கு உக்காரத் தெரியலியே” என்றார், நிஜமான பரிதாபத்தோடு.

ஆனாலும் வேகத்தில் குறையில்லை. அரை மணியில் ஒரு பாத்தியையே மொட்டையடித்துவிட்டார். போனது சிறுகீரை, கீழாநெல்லி, பாட்டி விதைத்து ஒன்பது நாளான கொத்தவரை. கோரையை மட்டும் புல்வெளி என்று நினைத்து விட்டுவைத்திருந்தார். சொல்லிக் கொடுத்ததும் கோரையையும் தாளோடு பறித்துக் குவித்தார். கோரையின் உயிர் தாளிலா இருக்கிறது? மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகச் சங்கிலி கோத்திருக்கும். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே பச்சை. எதிரியின் விடாமுயற்சியைப் பார்த்து நம்மவர் அசந்துபோனார். பறிபட்ட கீரையெல்லாம் பாட்டி வீட்டுக் கடைசலுக்குப் போனது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

தண்ணீர் ஊற்றும் வைபவம் இன்னொன்று. அவர் கைக்கடிகாரம் ஓட்டத்தை அளக்கிறது. நின்றால் கணக்கு நின்றுவிடும். அதனால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தும். கோடியில் இருக்கிற முருங்கைக்கு எட்டு நடை, ஏனென்றால் தூரம் கிடைக்கிறது. குழாய்க்கு ரெண்டடி தள்ளியிருந்த தக்காளி வாடி வதங்கிக் கிடந்தது. கிலோமீட்டருக்கு உதவாத செடி!

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும் களை காடாக மண்டியது. பனியன்களைத்தான் காணோம். ஜனவரியில் சென்னை மாரத்தான், அதற்குப் பயிற்சி. களைக்கும் மாரத்தானுக்கும் இயற்கை ஒரே பருவத்தை ஒதுக்கியதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? “அந்த மருந்தடிக்கிற தம்பி வரலியா?” என்று பாட்டி என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

தை முடியும் தறுவாயில் நம்மவர் வந்தார். நடந்து வந்தார். முழங்காலில் பட்டை. மாரத்தானை முடித்துவிட்டாராம், ஆறு வாரத்துக்கு ஓடவே கூடாது என்று டாக்டர் உத்தரவாம். பனியன் மட்டும் அதே கிளிப்பச்சை. பாட்டி ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, கையில் களைக்கொத்தைக் கொடுத்து, கோரைக் கிழங்கைக் கெல்லி எடுக்கும் விதத்தைக் காட்டினார். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. “நூத்தி எண்பத்தாறு... நூத்தி எண்பத்தேழு...”

“என்ன சார் கணக்கு?”

“மாரத்தான் 42,195 மீட்டர் சார். மீட்டருக்கு ஒரு கிழங்கு.”

பாட்டி தன் கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். “அவ்வளவும் கீழே இருக்குது தம்பி, நீ எடு.”