கேட்டுக்கு ஒரு கேன்

ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் 'கேன்' என்ற துணைவினைக்கு ஆற்றல், அனுமதி, சாத்தியம் என்று மூன்று வேலைகள். அதைப் படித்துப் பரீட்சையில் தேறியவன் நான். கிள்ளானில் ஒரு டெரஸ் வீடு வாங்கி, அதற்கு ஆட்டோகேட்டும் மாட்டிய பிறகுதான் அந்தத் தேர்ச்சி எதற்கும் உதவாது என்று புரிந்தது.

எங்கள் மலேசியாவில் 'கேன்' துணைவினை இல்லை, தனிக்காட்டு ராஜா. எழுவாய் வேண்டாம், முதன்மை வினை வேண்டாம். "கேன் ஆர் நோட்?" என்றால் கேள்வி. "கேன்" என்றால் பதில். ஆங்கிலேயன் இப்படிப் பேசமாட்டான். மலாய்க்காரர் "போலே தாக்?" என்பார், கண்டனீஸ்காரர் "தாக் ம் தாக்?" என்பார். அந்த அச்சில் வார்த்த ஆங்கிலம் இது.

பொருளெல்லாம் அதன் வாலில் இருக்கிறது. "கேன் லா" என்றால் கவலையை விடு. "கேன் லோர்" என்றால் வேறு வழியில்லை, செய்து தொலைக்கிறேன். "கேன் வாட்" என்றால் ஏன் முடியாது என்ற முறைப்பு. "கேன் மே?" என்றால், உன்னாலா, நிஜமாகவா? இந்த 'மே' கண்டனீஸ் கொடுத்த சீதனம்.

என் கேட் ஒருநாள் பாதி திறந்து நின்றுவிட்டது. ரிப்பேர்காரரை அழைத்து, "டுமாரோ கேன் ஆ?" என்றேன். "கேன் கேன், பாஸ்!" என்றார். ஒரு கேன் வாக்குறுதி. இரண்டு கேன் வழியனுப்பு விழா. மறுநாள் ஆள் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. போன் போட்டபோதெல்லாம் கேன் மட்டும் தவறாமல் வந்தது. 'கெனொட்' என்று அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. அது வாடிக்கையாளருக்குச் செய்யும் அவமரியாதை அல்லவா?

1990களில் 'மலேசியா போலே' என்று நாடே முழங்கியது. மலேசியாவால் முடியும் என்று பொருள். முடிந்தது, 452 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கோபுரம் எழுந்தது. என் கேட்தான் ஓர் அடி நகரவில்லை. கையால் தள்ளினேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "அங்கிள், யூ கேன் மே?" என்றார். இடுப்பு வலியைவிட அந்த 'மே' அதிகம் வலித்தது.

இந்த மொழியில் பண்டிதை என் மனைவி. தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனோம். "பண்டிகைக்குள்ள முடியுமா தம்பி?" என்று கேட்டாள். தையல்காரர் தலை நிமிராமல், "முடியும் லோர், அக்கா" என்றார். துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். "முடியும்னுதானே சொன்னாரு?" என்றேன். "உங்களுக்கு முடியும்னு கேட்டுச்சு. எனக்கு லோர்னு கேட்டுச்சு" என்றாள். ஜாலான் துன் சம்பந்தன் முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை.

இதே பாணி ஆங்கிலம் சிங்கப்பூரில் பிரதமரையே கவலைப்படுத்தியது. 1999 தேசிய தினப் பேரணி உரையில் கோ சோக் தோங், ஃபுவா சூ காங் என்ற தொலைக்காட்சி நகைச்சுவைப் பாத்திரத்தின் ஆங்கிலத்தைக் குறை சொன்னார். அடுத்த ஆண்டே நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது. அந்தப் பாத்திரத்தின் தொழில் என்ன தெரியுமா? வீட்டு வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர்! பிரதமருக்கு அவர் இலக்கணம் கவலை. என்னைப் போன்ற குடும்பஸ்தனுக்கு, அவர் சொன்ன தேதியில் வருவாரா என்பது கவலை.

ஆகவே, வீடு வைத்திருக்கும் அன்பர்களே, 'கேன்' என்று கேட்டவுடன் நன்றி சொல்லிவிடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை வெள்ளி என்று கேளுங்கள். வேலை முடியும்வரை முழுப்பணத்தை நீட்டாதீர்கள். முடிந்தால், பேரம் பேச மனைவியை அனுப்புங்கள்.