பூச்சி தின்னிக்குப் பூச்சி மருந்து

உரக்கடைக்காரர் கேட்டார்: "என்ன பயிருங்க?"

"பூச்சியைத் தின்கிற செடிங்க."

"அதுக்கு எதுக்குங்க பூச்சி மருந்து?"

நியாயமான கேள்விதான். கடையில் நின்றிருந்த விவசாயிகளும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

செடி, மகன் ஆன்லைனில் வரவழைத்த வீனஸ் ஈப்பொறி. பூர்வீகம் அமெரிக்காவின் கரோலினா சதுப்பு நிலம். டார்வின் 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களுக்காக ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதில் இதற்கும் இடமுண்டு. இவ்வளவு பேர் பெற்ற செடி எப்படி வேட்டையாடுகிறது? இலைக்குள் இருக்கும் மயிரை ஒரு பூச்சி தொட வேண்டும். சுமார் இருபது வினாடிக்குள் மறுபடியும் தொட வேண்டும். அப்போதுதான் வாய் மூடும். ஒரு கையெழுத்தோடு எந்தக் கோப்பும் நகராத அலுவலகம்தான் போங்கள்! மாம்பழ சீசனில் எங்கள் தருமபுரி வீடுகளுக்கு வரும் ஈக்களுக்கு இந்த நடைமுறையெல்லாம் தெரியாது.

அசுவினிக்குத் தெரியும். அது வாய்ப்பக்கமே போகாமல் இளந்தளிரின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். புது இலைகள் கோணிக்கொண்டு வரும். அசுவினி விடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வரும். அவற்றில் சில செடியின் வாயில் விழுந்தன. மிச்சமெல்லாம் அசுவினிக்குக் காவல் நின்றன.

சோப்புக் கரைசல் அடிக்கலாமென்றால், பக்கத்துத் தொட்டியில் டிரோசிரா. பூச்சி பிடிக்க அது வைத்திருக்கும் பசைத்துளிகளெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். ஈப்பொறிக்கு வேறு வழி உண்டு. தொட்டியோடு ஓரிரு நாள் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் அசுவினி மூச்சுமுட்டிச் சாகும். ஆனால் அது மழைநீராக இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமென்று 2013-இல் மனிதர்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. உப்பு ஒத்துக்கொள்ளாத இந்தச் செடிக்குக் காவிரியும் போதாது.

"எனக்குக் குழாய்த் தண்ணி, அதுக்கு மழைத் தண்ணியா?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்து வந்தது மாவுப்பூச்சி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடும் மாமனார் அதைப் பார்த்ததும் பழைய பகையாளியைக் கண்டவர்போல் எழுந்து நின்றார். 2020-இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு சேலம், தருமபுரிக் காடுகளையும் ஒரு கை பார்த்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைத் தருவித்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை விடும் வேலையைத் தொடங்கினார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் குளவி அது; பொரிக்கும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும்.

"எங்க குளவி மழைத்தண்ணி கேக்காதுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, மாவுப்பூச்சியை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பூச்சித் தொல்லை என்றால் இந்தச் செடியை வாங்காதீர்கள். செடிமேலேயே ஆசை என்றால் தாராளமாக வாங்குங்கள். மழைநீர், பஞ்சு, ஒரு பூதக்கண்ணாடி தயாராக இருக்கட்டும். வாரம் ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி பிடிக்கும் வேலை உங்களுடையது.