காசு கொடுத்த பிறகும் ஏன் கூவல்?

கேள்வி: காசு கட்டி வாங்கிய மென்பொருளிலும் விளம்பரம் குதிக்கிறது. புகார் சொன்னால் எந்திரம்தான் பதில் தருகிறது. இதைத் தட்டிக்கேட்க ஆளே இல்லையா?
– வாசகர், அல்பெர்கேரியா, பலெர்மோ

பதில்: உங்கள் பேட்டையின் பல்லரோ சந்தையில் வியாபாரிகள் தொண்டை கிழியக் கூவுவார்கள். தக்காளி வாங்கிப் பையில் போட்ட பிறகு, கத்தரிக்காய் விற்க வீடுவரை பின்தொடர்வதில்லை. மென்பொருள்காரர்கள் தொடர்கிறார்கள். 2024 ஏப்ரலில் விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட் மெனுவுக்குள்ளேயே, ‘பரிந்துரை’ என்ற பெயரில் செயலி விளம்பரங்களை மைக்ரோசாஃப்ட் நுழைத்தது. வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வேண்டுகிறவர் தேடிப்போய்ப் போட்டுக்கொள்ளட்டும். விலை கொடுத்தவருக்கு ஏன் அந்த வேலை? விளம்பரத்தால்தான் விலை குறைகிறது என்பது அடுத்த வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. அப்படியானால் விற்கும்போதே சொல்லி, விளம்பரத்தோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை என்று வைக்க வேண்டும். இது என் தனிக் கருத்து மட்டுமல்ல: இந்தியா 2023 நவம்பர் 30-இல் தடைசெய்து அறிவித்த 13 ஏமாற்று உத்திகளில் ஓயாத நச்சரிப்பும் வேடமிட்ட விளம்பரமும் உண்டு.

விற்பதற்கு நூறு வாய் வைத்திருப்பவர்கள், உதவி கேட்டால் ஒரு காதுகூடத் தருவதில்லை. ஆளைக் குறைத்தால் செலவு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் செலவு உங்கள் நேரத்தின் தலையில் விழுகிறது. ஆனால் விற்றதோடு பொறுப்பு முடிவதில்லை. போனை மந்தமாக்கிய புதுப்பிப்புகளுக்காக 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ என இத்தாலியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. திரையைப் படமெடுத்து, ரசீதையும் சேர்த்து அந்த ஆணையத்துக்கே புகார் அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.