டிரம்ஸ் அறை: கேளுங்கள், தட்டுகிறோம்

கே: அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிவிட்டேன். டிரம்ஸ் ரெக்கார்ட் பண்ணலாமா?

ப: ஆம்லெட் போடலாம். மெல்லிசான அந்த அட்டை சிம்பலின் கீச்சில் கொஞ்சத்தைக் குறைக்கும். கிக் டிரம்மின் 'தும்'மை ஒன்றும் செய்யாது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே கிட்டத்தட்ட 5.7 மீட்டர். உங்கள் அறை அவ்வளவு நீளம் இருக்கிறதா?

கே: அப்படியென்றால் ஃபோம்?

ப: ஒரு அங்குல ஃபோம், தனியாகப் போட்டால் இன்னும் மோசம். மேல் ஸ்தாயியை மட்டும் விழுங்கிவிட்டு அடித்தொனியை அப்படியே விட்டுவிடும். ரெக்கார்டிங் கேட்க 'மொத்து மொத்து' என்றிருக்கும். இன்னொன்று: 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியின் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் மேடை வாணவேடிக்கைப் பொறி விழுந்து 100 பேர் இறந்தார்கள். உங்கள் வீட்டில் வாணவேடிக்கை இல்லை, சரி. பிளக் பாயிண்ட் இருக்கிறதே!

கே: என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? அறை 10-க்கு 12 அடி.

ப: ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சு. 4 அங்குலத் தடிமனில் வாங்கி, மரச் சட்டத்தில் அடைத்து, துணி போர்த்துங்கள். துணியில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் போனால் அதுதான் சரியான துணி. ரெக்சின் வேண்டாம். வெட்டும்போது முழுக்கை சட்டை, கையுறை, மாஸ்க். இல்லையென்றால் ராத்திரி முழுக்கச் சொறிவீர்கள்.

முதலில் மூலைகள், அடித்தொனி அங்கேதான் போய்க் குவியும். மற்ற இடங்களில் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே 4 அங்குலம் விட்டால் செலவில்லாமலே பலன் கூடும். அடுத்து, பலரும் மறக்கிற இடம்: தலைக்கு மேல். ஓவர்ஹெட் மைக் சீலிங்குக்குப் பக்கத்தில் நிற்கும். சிம்பல் சத்தம் நேராக ஒருமுறை, சீலிங்கில் மோதிச் சில மில்லி செகண்ட் கழித்து இன்னொருமுறை அதற்குள் விழும். இரண்டும் ஒன்றையொன்று அங்கங்கே அடித்துக்கொள்ள, ஒலி தகர டப்பாவாகிவிடும். டிரம்ஸுக்கு நேர் மேலே 4-க்கு 6 அடியில் ஒரு சட்டத்தைத் தொங்கவிடுங்கள். அங்கே ஃபேன் இருக்கிறதா? கழற்றுங்கள். டேக் போகும்போது ஓட்டவா போகிறீர்கள்?

கே: 10-க்கு 10 அறையும் காலியாக இருக்கிறது. சீலிங்கும் 10 அடி.

ப: அதில் பீரோ வையுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ் வீங்கும்.

கே: லெட் ஜெப்லின் இசைக்குழுவினர் எந்தப் பஞ்சும் இல்லாமல் வெறும் வீட்டில்தானே ரெக்கார்ட் செய்தார்கள்?

ப: ஆமாம். 1971-ல் வெளியான 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டு. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்மர் ஜான் பான்ஹம் வாசித்தார். இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு மைக்கை மாடிப்படிக்கு மேலே தொங்கவிட்டார். அந்த உயரம் உங்களிடம் இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள். இல்லையென்றால் அறையை நன்றாக அடக்கிவிட்டு, எதிரொலியைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: இவ்வளவும் செய்தால் மேல் வீட்டு மாமி சண்டைக்கு வரமாட்டார்தானே?

ப: வருவார். ராக்வூல் அறைக்குள் ஒலியைத் திருத்தும், வெளியே போவதைத் தடுக்காது. அதற்குக் கனமான இரட்டைச் சுவர், இடுக்கில்லாத கதவு, தரையைத் தொடாத மேடை எல்லாம் வேண்டும். மாமி எப்போது கோயிலுக்குப் போவார் என்று விசாரிப்பது மலிவு.