தனிப்பயணியைச் சுற்றிய கூட்டம்: ஐரோப்பியச் சிக்கன உலா குறித்த ஓர் ஆய்வு

ஐரோப்பாவில் கைக்காசை எண்ணி எண்ணித் தனியே சுற்றும் முதுகுப்பைப் பயணிக்கு அந்தக் கண்டத்தில் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு: தனிமை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் ஒற்றை ஆள். முதல் இரவே எட்டுக் கட்டில் அறையில் எட்டில் ஒருவர். மறுநாள் காலை குளியலறை வரிசையில் நான்காமவர். இதற்கான காரணத்தை அவருடைய கலகலப்பான சுபாவத்தில் தேடுவது வழக்கம். அது பிழை. காரணம் பணப்பையில் இருக்கிறது. பணப்பை இளைக்க இளைக்கக் கூட்டம் பெருகும் என்பதே இத்துறையின் அடிப்படை விதி. தனிமை காசு கொடுத்து வாங்கும் சரக்கு. சக பயணியோ மலிவுக் கட்டிலோடு வரும் இலவச இணைப்பு.

இத்துறையின் ஆதிபுருஷர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு நடந்த இடைக்கால யாத்திரிகர்களைச் சுட்டுவோர் உளர். 12ஆம் நூற்றாண்டிலேயே அவர்களுக்கென ஒரு வழிகாட்டி எழுதப்பட்டு, எந்த ஆற்றின் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தத் துறையில் படகுக்காரர் காசைப் பிடுங்குவார் என்றெல்லாம் குறிக்கப்பட்டுவிட்டது. ஆனால் யாத்திரிகருக்குப் புண்ணியம் என்றொரு ஆதாயம் இருந்ததால் அவரைக் கலப்பற்ற ஊர்சுற்றி வகையில் சேர்க்க இயலாது. அந்தப் பெருமை இங்கிலாந்தின் ஓட்கோம் கிராமத்து தாமஸ் கோரியட்டுக்கே உரியது. 1608இல் வெனிஸ் வரை சென்று, வழியில் பெருந்தொலைவை நடந்தே கடந்து திரும்பியவர். தேய்ந்த காலணிகளை ஊர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டார். 1611இல் புத்தகம் போட்டு, இத்தாலியர் முள்கரண்டியால் உண்ணும் அதிசயத்தை ஊராருக்குச் சொன்னார். அடுத்த பயணத்தில் பாரசீகம் வழியாக அஜ்மீருக்கே நடந்து வந்து சேர்ந்தார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் முன் பாரசீக மொழியில் ஓர் உரை நிகழ்த்தி 100 ரூபாய் பெற்றார். அங்கிருந்த ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ, நாட்டின் மானத்தை வாங்கிவிட்டாய் என்று கடிந்துகொண்டார். சிக்கனப் பயணிக்கும் சொந்த நாட்டுத் தூதரகத்துக்கும் இடையிலான உறவு அன்று தொடங்கியது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கோரியட் 1617இல் சூரத்தில் இறந்தார்.

1933 டிசம்பரில் பதினெட்டு வயதில் நெதர்லாந்துக் கரையிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்கு நடக்கத் தொடங்கிய பாட்ரிக் லீ ஃபெர்மரையும் இங்கே குறிப்பிடுவது மரபு. வாரத்துக்கு ஒரு பவுண்டு என்பது அவர் போட்ட கணக்கு. எனினும் வைக்கோற்போரில் தொடங்கிய அவருடைய இரவுகள் பிரபுக்களின் மாளிகைகளுக்கு இடம்பெயர்ந்ததற்குச் சிபாரிசுக் கடிதங்கள் காரணம் என்பதால், அவரை முன்னுதாரணமாகக் கொள்வது ஆபத்து.

படுக்கைப் பிரச்சினையை நிரந்தரமாகத் தீர்த்தவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர். 1909 ஆகஸ்டில் மாணவர்களோடு நடைப்பயணம் போனவருக்குப் புயலில் சிக்கி ஒரு கிராமப் பள்ளியில் வைக்கோல் பரப்பிப் படுக்க நேர்ந்தது. விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளை இப்படிப் பயன்படுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் நிலையான முதல் இளைஞர் விடுதி உருவாயிற்று. ‘பாத்திரத்தைக் கழுவி வை’, ‘இரவு பத்துக்கு மேல் பேசாதே’ என்று ஐரோப்பிய ஹாஸ்டல் சுவர்களில் இன்றும் வகுப்பறை வாடை அடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கான யூரெயில் சீட்டு 1959இலும், அங்கேயே வசிப்போருக்கான இண்டர்ரெயில் 1972இலும் வந்தன. பின்னது தொடக்கத்தில் 21 வயது வரையிலானோருக்கு மட்டும். இன்று தாத்தாவும் வாங்கலாம். சீட்டு கையில் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக வண்டிகளில் முன்பதிவுக்குத் தனியே அழ வேண்டும். அதற்கு அஞ்சுபவர் ஊருக்கு ஊர் நிற்கும் வண்டியில் ஏறுகிறார். வண்டி மெதுவாகப் போகப் போகப் பக்கத்து இருக்கைக்காரரின் வாழ்க்கை வரலாறு நீள்கிறது. இன்னும் கீழே இரவுப் பேருந்து. இதில் ஓர் இரவு வாடகை மிச்சம், முதுகெலும்பு செலவு. விடியும்போது முன்பின் தெரியாதவர் தலை தோளில் இருக்கும். அடிப்படை விதி சக்கரத்தின் மேலும் செல்லுபடியாகிறது.

விதியின் முழு வீச்சை அறிய டார்மிட்டரிக்குள் நுழைய வேண்டும். அதை நம் பொருளிலக்கண முறைப்படி பகுப்பதே தெளிவு தரும். முதற்பொருளில் நிலம்: நான்கு முதல் பன்னிரண்டு பேர் வரை படுக்கும் அடுக்குக் கட்டில் அறை. பெரும்பொழுது: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சிறுபொழுது இரண்டு: அறை கொடுக்கும் பிற்பகல் 3 மணி, மலிவு விமானம் பிடிப்பவர் பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாகச் சரசரவென்று பிரிக்கும் அதிகாலை 4 மணி. கருப்பொருளில் உணவு பாஸ்தா. பறை, மேல்கட்டில் குறட்டை. தொழில், சார்ஜர் செருக இடம் தேடுதல். தெய்வம், வைஃபை கடவுச்சொல் அருளும் வரவேற்பு மேசைக்காரர். உரிப்பொருள்: அறிமுகமாதலும் அறிமுகமாதல் நிமித்தமும்.

கீழ்க்கட்டிலே மேல் என்பார் ஒரு சாரார். இரவில் இறங்கி ஏற வேண்டாம், பையைக் காலடியில் வைக்கலாம். மேல்கட்டிலே பாதுகாப்பு என்பார் மறுசாரார்; யாரும் விளிம்பில் வந்து உட்கார்ந்து ஈரத் துண்டைத் தொங்கவிட மாட்டார்கள். ஏணி கிறீச்சிடும் என்பதில் இரு சாராருக்கும் ஒருமித்த கருத்து. குறட்டை விடுபவர் எந்த அறையிலும் ஒருவராவது இருப்பார். அவர்தாம் எல்லோருக்கும் முன்பே தூங்கிவிடுகிறார். விழித்திருக்கும் மற்ற எழுவர் இருட்டில் பரிமாறிக்கொள்ளும் பெருமூச்சுகளிலிருந்து பல நீடித்த நட்புகள் பிறக்கின்றன என்பதால், அவரை அந்த அறையின் சமூக மூலதனம் என்றே கருதலாம்.

அடுத்தது சமையலறை. விதிக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. சுவிட்சர்லாந்தின் இண்டர்லாக்கன் போன்ற ஊரில் உணவகத்துப் பட்டியலைக் கண்ட பயணிக்குப் பசி தானே அடங்கிவிடும். ஆகவே மாலை ஏழு மணிக்கு விடுதி அடுப்பைச் சுற்றி ஐந்து நாட்டார் ஒரே கரண்டிக்குக் காத்திருப்பார்கள். போலந்தின் கிராக்கோவ் நகரிலோ பால்கடை என்ற பெயரில் அரசு மானியத்தில் நடக்கும் மலிவு உணவகங்கள் உண்டு. புடாபெஸ்டில் தெருவோரத்திலேயே எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் கிடைக்கும். அங்கெல்லாம் விடுதிச் சமையலறை வெறிச்சோடிக் கிடக்கிறது. எங்கே விலை கடிக்கிறதோ அங்கே உப்பும் வெங்காயமும் கைமாறுகின்றன. முன்னவர் விட்டுப்போன அரை பாக்கெட் அரிசியும் பாதி எண்ணெயும் வைக்கும் ‘இலவச அலமாரி’ எல்லா நல்ல விடுதிகளிலும் உண்டு. அதைத் திறந்து பார்க்காமல் கடைக்குப் போவோர் துறைக்குப் புதியவர். ஜெர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடிவிடும் என்பதால் சனிக்கிழமை மாலை அதே முகங்களைச் சூப்பர்மார்க்கெட் வரிசையிலும் காணலாம். அவர்கள் கையில் காலி பாட்டில்கள் இருக்கும், ஒன்றுக்கு 25 சென்ட் வரை திரும்பக் கிடைக்கும்.

உரையாடலின் இலக்கணம் எளிது. எந்த நாடு, இதற்குமுன் எந்த ஊர், அடுத்து எங்கே, எத்தனை நாள் என்ற நான்கு கேள்விகளும் இதே வரிசையில் வரும். பெயர் கேட்கப்படுவது பெரும்பாலும் பிரியும் வேளையில்தான். ஆனால் அந்த நான்கைத் தாண்டியதும் வண்டி தடம் மாறிவிடும்: காதல் முறிந்தது, வேலையை விட்டது, அப்பாவோடு பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்பது வரை கொட்டப்படும். ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1908லேயே இதைக் கவனித்தார்: நெருங்கியவர்களிடம் மறைப்பதையும் மனிதர்கள் வந்து போகும் அந்நியரிடம் சொல்லிவிடுகிறார்கள். நாளைக் காலை ஒருவர் பிராகுவுக்கும் இன்னொருவர் லிஸ்பனுக்கும் போகிறவர்கள் என்றால் ரகசியத்துக்கு அதைவிடப் பத்திரமான பெட்டகம் ஏது.

காட்சிகளைக் காண்பதிலும் இதே கதைதான். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி வரை அனுமதி இலவசம். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அந்த வரிசைகளில் முந்தின இரவு குறட்டை விட்டவர் உட்படத் தெரிந்தவர் எல்லோரையும் சந்திக்கலாம். ரோமில் 1874 முதல் தெருவெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் ‘நாசோனி’ குழாய்களில் குடிநீரும் இலவசம். பாட்டிலோடு அங்கும் ஒரு வரிசை.

குடித்த நீரை வெளியேற்றுவது மட்டும் இலவசமில்லை. சிறுநீருக்கு வரி போட்ட ரோமானியப் பேரரசர் வெஸ்பாசியன், மகன் முகம் சுளித்தபோது நாணயத்தை அவன் மூக்கருகே நீட்டி நாறுகிறதா என்று கேட்டதாகச் சொல்வார்கள். அந்த நிதிக்கொள்கை ஜெர்மன் ரயில் நிலையங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. பல இடங்களில் கட்டணம் 1 யூரோ. ஐரோப்பாவில் தனிமைக்கு நேரடியாக விலை எழுதி ஒட்டப்பட்ட இடம் இது ஒன்றே என்பதை நோக்க, அடிப்படை விதி ஐயமற நிறுவப்படுகிறது.

டார்மிட்டரியிலும் சமையலறையிலும் பிறக்கும் நட்புகளின் ஆயுளை விடுதிகள் நிர்ணயிக்கின்றன. அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் காலை 10 அல்லது 11 மணி. மொத்தப் பயணத்தின் ஆயுளை ஷெங்கன் விசா நிர்ணயிக்கிறது. இந்தியப் பயணி எந்த 180 நாள் கணக்கிலும் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். விசாவில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுவே எல்லை. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அந்தக் கணக்கில் சேரும்.